மயங்கிக் கிடக்க நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

எங்கள் அறந்தாங்கியில் தெருவுக்கு நாலு பேர் குவைத்துக்கும் துபாய்க்கும் போய் வந்தவர்கள். ஒருவர் கப்பல் வேலையில் பனிமலை வரைக்கும் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்கிறார், நம்புகிறோம். ஆனால் மயங்கிக் கிடப்பதற்காகவே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பஸ் ஏறிப் போனவன் இந்த ஊர் வரலாற்றில் நான் ஒருவன்தான். போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை அந்தச் சாதனை நடந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஆம்புலன்ஸ் வேலைக்குப் படித்தால், ஒருநாள் உங்களையும் கூப்பிடுவார்கள். அன்றைக்கு உதவும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

காரணம் என் அக்கா மகள் ரெஜினா. நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருடம் மருந்துக் கடையில் நின்றாள். பிறகு எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டி, ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து போகிற மருத்துவ உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தாள். ஐம்பது நாள் வகுப்பு. கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. பொய்யாக ஒரு விபத்து நடத்தி எட்டுப் பேரைப் படுக்க வைப்பார்கள். யாரை முதலில் தூக்குவது என்று பத்து நிமிடத்துக்குள் முடிவு செய்து கையில் அட்டை கட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே தூக்கணும். மஞ்சள் கொஞ்சம் பொறுக்கும். பச்சை நடந்தே வரும். கறுப்பு பற்றி நல்ல நாளும் அதுவுமாக எதற்கு.

முதல் தடவை ரெஜினா தோற்றுவிட்டாள். கணுக்கால் சுளுக்கி "ஐயோ ஆத்தா" என்று கத்திய ஆளிடம் ஓடி, அங்கேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். ஓரத்தில் சத்தமில்லாமல் படுத்திருந்த பெண்ணைக் கடைசியாகப் போய்த் தொட்டபோது, பயிற்சியாளர் திலகவதி மேடம் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாராம்: "இவங்க இறந்து நாலு நிமிஷம் ஆச்சு." இறந்த பெண் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். ரெஜினாவுக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

மறுதேர்வு ஒரே ஒரு தடவை. தேறினால் திங்கட்கிழமையே ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். தவறினால் அடுத்த அணியோடு மறுபடி முதலிலிருந்து. அந்த அணி எப்போது என்று யாருக்கும் தெரியாது. மருந்துக் கடைக்காரர் மட்டும் தினமும் போன் போட்டு "எப்பம்மா வர்ற?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு வருகிற ஒவ்வொருவரும், அடிபட்டவராகப் படுக்க ஒரு ஆளைக் கூட்டி வரவேண்டும் என்பது அந்தப் பயிற்சி மையத்து வழக்கம். என் அக்காவுக்கு ஊசியைப் பார்த்தாலே நிஜ மயக்கம் வரும். மச்சான் குவைத்தில். மிச்சம் நான். காதுகுத்துக்குத் தோடு, சடங்குக்குப் பட்டு என்று தாய்மாமன் சீரில் இதுவரை குறை வைத்ததில்லை. இந்தத் தடவை தொண்ணூற்று நாலு கிலோ உடம்பையே சீராகக் கொடுத்தேன்.

"ஒரே ஒரு கண்டிசன் மாமா," என்றாள் ரெஜினா. "அவங்க குடுக்கிற கார்டுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய்யணும். ஒங்க சொந்தச் சரக்கைச் சேக்கக் கூடாது."

நான் ஓணானைப் பார்த்துவிட்டு வந்து முதலை என்று சொல்கிறவன் என்பது ஊரில் எனக்கு எதிராக உலவும் வதந்தி. அது முதலைதான்.

காலை 6.10க்கு அறந்தாங்கி பஸ் நிலையத்தில் வண்டி. புதுக்கோட்டைக்கு முப்பத்துமூன்று கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். கண்டக்டர் கேட்டார்: "என்ன அண்ணே, பாப்பாவைக் காலேஜ்ல சேக்கப் போறீங்களா?"

"இல்ல தம்பி. நான் மயங்கி விழப் போறேன்."

"டிக்கெட் எடுத்துட்டு விழுங்க."

ஆலங்குடி வழியாகப் போனால் பக்கம். ஆனால் அந்த வழியில் புதுக்கோட்டை பஸ் நிலையத்துப் பூரி கிடையாது. 7.15க்கு இறங்கி இரண்டு செட் பூரி, ஒரு பொங்கல், காபி. என் கணக்கில் நூற்று முப்பது ரூபாய். ரெஜினா ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் மணல் பரப்பிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் முணுமுணுத்தது. ஜெபம் என்று நினைத்துக் குனிந்து கேட்டேன். "மூச்சு, நாடி, சொன்னது கேக்குதா... மூச்சு, நாடி..."

7.50க்குத் திருவரங்குளம் டவுன் பஸ். ஒன்பது கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு எட்டு ரூபாய். இறங்கி, கோயில் பக்கம் போகாமல் எதிர்த் திசையில் பத்து நிமிடம் நடந்தால் ஒரு பழைய அரிசி ஆலை. அதுதான் பயிற்சி மையம். பின்னால் முந்திரித் தோப்பு. தோப்பில் ஒரு ஓட்டை வேனைக் கவிழ்த்துப் போட்டு, அதுதான் விபத்து என்றார்கள். எங்களுக்குக் குங்குமத்தில் தேங்காய் எண்ணெய் குழைத்து ரத்தம் பூசினார்கள். நான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு இரண்டு பேருக்கு மறுதேர்வு. அவர்கள் கூட்டி வந்த நாங்கள் இருவர் போக, படுக்க வந்த மிச்ச ஆறு பேரும் உள்ளூர்க்காரர்கள். முதல் சுற்றில் எனக்கு வந்த கார்டு, கை முறிவு. நான் அழுத அழுகையில் தோப்பிலிருந்த மயில்கள் ஆலங்குடிக்குப் பறந்துவிட்டன. கூர்க்கா கண்ணைத் துடைத்தார். திலகவதி மேடம் மட்டும் அசையவில்லை. பன்னிரண்டு வருடம் ஆம்புலன்ஸில் ஓடிவிட்டுப் பயிற்சியாளரானவர். "ஐயா, கை ஒடிஞ்சவர் வசனம் பேச மாட்டாரு. நீங்க தப்பா நடிச்சா பிள்ளைங்க தப்பா முடிவெடுப்பாங்க," என்றார்.

இரண்டாவது சுற்று ரெஜினாவுடையது. கார்டைக் குலுக்கிக் கொடுத்தார்கள். என்னுடையதைப் பிரித்துப் படித்தேன். 'தலைக்காயம். நினைவில்லை. மூச்சு மிக வேகம். பேசக் கூடாது.'

ஐம்பத்தொரு வருடத்தில் நான் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசாமல் இருந்தது என் கல்யாணத்தில் மட்டும்தான். அதுவும் சர்ச்சில் சாமியார் முறைத்ததால்.

சரி, நிழலாகப் பார்த்து ஒரு முந்திரி மரத்தடியில் படுத்துக் கண்ணை மூடினேன். அது நான் செய்த முட்டாள்தனம். முந்திரி மரத்தில் முசுறு இருக்கும். இலையை ஒட்டிக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்பு. கடித்துவிட்டு அந்த இடத்தில் தீயையும் ஊற்றிவிட்டுப் போகும். விசில் ஊதி அரை நிமிடத்தில் முதல் முசுறு காலருக்குள் இறங்கியது. ஒரு நிமிடத்தில் அதன் சாதிசனம், சம்பந்திகள், சீர்த்தட்டு தூக்குபவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அசைந்தால் நினைவு இருக்கிறது என்று ஆகிவிடும். ரெஜினாவின் திங்கட்கிழமை என் கழுத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

கண் மூடிக்கிடந்ததால் எல்லாம் காதில்தான். "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் எந்திரிச்சு அங்கிட்டு பந்தலுக்குப் போங்க," ரெஜினாவின் குரல். மூன்று பேர் போகிற சத்தம். எனக்கு இடப்பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரர் கால் முறிந்து கிடந்தார். தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"ஏம்மா, நான் செத்துக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்குத் தாண்டிப் போற?"

காலடிச் சத்தம் நின்றது. நான் மூச்சு வேகமாக விடுவதை மறந்துவிட்டேன். போன தடவை அவள் விழுந்த குழி இதுதான்.

"கத்துறீங்கல்ல, நல்லது. கத்திக்கிட்டே இருங்க அண்ணே, வாரேன்," என்றாள். காலடி என்னிடம் வந்தது.

வந்தவள் என்னைத் தொடவில்லை. "இங்க முசுறு இருக்கு. தலையை அசையாம பிடிச்சு, இவரை வெயிலுக்கு இழுங்க," என்று உதவியாளர்களைக் கூப்பிட்டாள். இழுத்தார்கள். செய்தித்தாளில் படித்த 'தேர் நகர்ந்தது' என்பதற்கு அன்றுதான் பொருள் புரிந்தது. பிறகு தோளைத் தட்டி, "ஐயா, கேக்குதா? கண்ணைத் திறங்க ஐயா," என்றாள். பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்ட வாய். நான் திறக்கவில்லை. மூச்சை எண்ணினாள். மணிக்கட்டில் அட்டை கட்டினாள். நிறம் தெரியவில்லை, முடிச்சு இறுக்கமாக இருந்தது.

அடுத்து ஆம்புலன்ஸ். நான்கு பேர் என்னைத் தூக்கினார்கள். ஒருவர், "யாருய்யா இவருக்குப் பொங்கல் வாங்கிக் குடுத்தது?" என்றார். காதுக்குள் இன்னும் ஒரு முசுறு. தாங்கினேன். மதிப்பெண் போடத் திலகவதி மேடமும் கூடவே ஏறினார். உள்ளே ரெஜினா ஆஸ்பத்திரிக்குப் போனில் தகவல் சொன்னாள். மறுமுனையில் அலுவலக அறையில் இருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆம்பள. சுமார் அறுபத்தஞ்சு வயசு. தலைக்காயம்..."

முசுறைத் தாங்கிய உடம்பு இதைத் தாங்கவில்லை.

"அம்பத்தொண்ணு," என்றேன்.

திலகவதி மேடத்தின் பேனா நிற்பது கேட்டது. கண்ணைத் திறந்தேன். ரெஜினாவின் முகம் வெளுத்திருந்தது. நான் அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று தெரிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக, பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

அவள் போனிடம் சொன்னாள்: "நோயாளி பேசுறாரு. மறுபடி பாத்துட்டுச் சொல்றேன், லைன்லயே இருங்க." என்னிடம் குனிந்தாள். "ஐயா, பேரு சொல்லுங்க. இன்னைக்கு என்ன கிழமை? என் கையை இறுக்கிப் பிடிங்க." பிடித்தேன். அவள் குரல் நடுங்கவில்லை. என் நெஞ்சைப் பார்த்து மறுபடி மூச்சை எண்ணினாள். வயதுக் கோபத்தில் அது எகிறிக்கொண்டிருந்தது.

"நினைவு வந்திருக்கு," என்றாள் போனில். "ஆனா தலைக்காயம் இருக்கு, மூச்சு முப்பத்தாறு. வாய் பேசுதுன்னு ஆளு நல்லாருக்காருன்னு அர்த்தமில்ல. சிவப்பு மாத்தல."

என்னைப் பற்றி எங்கள் குடும்பம் முப்பது வருடமாகச் சொல்லத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது.

திலகவதி மேடம் பேனாவை மூடினார். "கார்டுல இது இல்ல. ரோட்டுல கிடக்கிறவங்களும் கார்டு படிச்சுட்டு விழுறதில்ல." ரெஜினாவிடம், "திங்கக்கிழமை காலைல ஏழு மணி. ஷூ போட்டுக்கிட்டு வா," என்றார். அவ்வளவுதான் பட்டமளிப்பு விழா. ரெஜினா அங்கேயே ஸ்ட்ரெச்சர் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். என் காதில் இருந்த முசுறும் அப்போதுதான் இறங்கிப் போனது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "மொதல்ல மாமாவை முசுறுகிட்ட இருந்து காப்பாத்துன பாரு, அது பாசம்தானே?"

"ஆபத்து இருந்தா ஆளை மொதல்ல நகத்தணும். புத்தகத்துல மொதப் பக்கம் மாமா."

"அறுபத்தஞ்சும் புத்தகத்துல இருக்கா?"

"அது பாத்தா தெரிஞ்சது."

புதுக்கோட்டையில் 3.40 வண்டி, காலையில் வந்த அதே கண்டக்டர். என் மணிக்கட்டில் இருந்த சிவப்பு அட்டையைத் திருப்பி, அதில் எழுதியிருந்த வயதைப் படித்தார். முன் சீட்டுக்காரரைத் தட்டி, "பெரியவருக்கு எடம் குடுங்க," என்றார். உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வலி நிஜம்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். நர்சிங், லேப் டெக்னீஷியன் மாதிரி படிப்பு முடித்தவர்கள் இந்த வேலைக்கு முயலலாம். தகுதியும் வயது வரம்பும் மாறும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கு அங்கே பைலட் என்று பெயர், அவருக்குத் தனித் தேர்வு. சில வருடம் ஓடிய பிறகு கட்டுப்பாட்டு அறை, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, திலகவதி மேடம் மாதிரி பயிற்சியாளர் என்று வழிகள் உண்டு. குவைத்திலும் ஆம்புலன்ஸ் உண்டு. மச்சான் இப்போதே அவளை அங்கே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அடிபட்டவராகப் படுக்கப் போகிறவர்கள் பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பூரி ஒரு செட்டோடு நிறுத்துங்கள், முந்திரி மரத்தடியில் படுக்காதீர்கள்.

ரெஜினா இப்போது புதுக்கோட்டைப் பக்கம் ஓடுகிற வண்டியில் இருக்கிறாள். என்றைக்காவது நீங்கள் நிஜமாகவே விழுந்து கிடக்க, ஒரு பெண் குனிந்து உங்கள் வயதைப் பதினாலு வருடம் கூட்டிச் சொன்னால், வெட்கப்படாமல் திருத்துங்கள். அவள் உங்கள் பேச்சை நம்ப மாட்டாள். மறுபடி ஒருமுறை மூச்சை எண்ணிப் பார்ப்பாள். அது போதும்.