மணல்குழிக்கு அந்தப் பக்கம் கேட்ட கைதட்டல்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பதினேழு வயதில் நீளம் தாண்டுவதில் பைத்தியமாக இருந்தேன். “மசாஜ் படிம்மா, கைத்தொழில் இருக்கும்” என்று ஊரே புத்தி சொன்னது. கால் நன்றாக இருக்கும்போது எதற்குக் கையை நம்ப வேண்டும் என்று எரிச்சலாக வரும். மாநில அணிக்கான தேர்வில் ஜெயித்தால் அந்த வாய்களை அடைத்துவிடலாம்.

என்னை ஓட வைப்பவள் அக்கா. மணல்குழிக்கு அந்தப் பக்கம் நின்று விடாமல் கைதட்டுவாள். சத்தம் வரும் திசையில் பதினான்கு காலடி ஓடி எம்பிக் குதிப்பேன். எங்களுக்குள் ஒரே சட்டம்தான். கைதட்டல் நின்றால் நானும் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. எங்கள் ஊரான சிகாமட்டில் வெள்ளம் வடிந்த பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் திடலுக்குப் போனோம். ஒரே சேற்று நாற்றம். எப்போதும் கத்தித் தீர்க்கும் மைனாக்கள்கூட அன்றைக்கு இல்லை. ஓடினேன். கைதட்டல் சீராகக் கேட்டது. குதித்தேன். ஈர மணலில் விழுந்ததும், சில்லென்று, சொரசொரப்பாக ஏதோ ஒன்று என் முழங்காலை உரசிக்கொண்டு நகர்ந்தது.

“உடும்புடீ! எழுந்திரு!” அக்கா ஓடிவந்து என்னை இழுத்தாள்.

“பார்த்துட்டு ஏன் தட்டுறத நிறுத்தல?” என்று கத்தினேன்.

அவள் என் முழங்கால் மணலைத் துடைத்துவிட்டாள். “ஆறாவது அடியிலயே நிறுத்திட்டேன் லா. பயத்துல வாயப் பொத்திக்கிட்டேன், சத்தமே வரல.”

எனக்கோ கடைசி அடி வரை கேட்டதே! திடலில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒரு ஈ காக்காகூட இல்லை என்றாள்.

உடும்பு அன்றோடு மறந்துபோயிற்று. என் காதை நினைத்துத்தான் பயந்தேன். பழக்க தோஷத்தில் அது இல்லாத சத்தத்தைக் கேட்கிறது என்று நானே முடிவுகட்டினேன். அதை நம்பி எப்படி ஓடுவது? தேர்வே வேண்டாம் என்று அழுதேன்.

“இனிமே தட்டல. ‘வா, வா’ன்னு கூப்பிடுறேன். என் குரல மட்டும் புடிச்சிக்கிட்டு வா” என்றாள் அக்கா.

தேர்வு மாநிலத் தலைநகர் ஜொகூர் பாருவில் நடந்தது. பார்வையில்லாத நாங்கள் குதித்து முடிக்கும்வரை கூட்டம் மூச்சுவிடாது, அதுதான் விதி. “வா, வா” என்று அக்கா அழைத்தாள். நான்காவது அடியில், அவள் குரலுக்குச் சற்று இடதுபுறம் கைதட்டல் ஆரம்பித்தது. அதே சீர்.  குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடிக் குதித்தேன். தேர்வாகிவிட்டேன்.

திரும்பும்போது, பேருந்து யோங் பெங்கைத் தாண்டியதும் அக்கா மெல்லச் சொன்னாள். “சிகாமட்டுல நான் நிறுத்தின பிறகு எனக்கும் கேட்டுச்சுடீ. நீ பயப்படுவன்னு சொல்லல.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கும்தான். எனக்குப் பக்கத்துலயே கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தேன், ஆளே இல்ல.”

அப்படியானால் என் காது பொய் சொல்லவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். வீடு வந்து சேரும்வரை அக்காவின் இரண்டு கைகளையும் நான் விடவே இல்லை.