இடைவேளைக்குப் பிறகு ரெஜினா ஆன்ட்டி

ரெஜினா ஆன்ட்டி இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது, டிரைவ்வேயில், காருக்குள்ளேயே. மாரடைப்பாம்.

ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் எங்கள் எல்லோருக்கும் ஈமெயில் அனுப்பியிருந்தார். கெமிஸ்ட்ரி வகுப்பில் இருந்தேன். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்... வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இது அம்மாவின் அக்கவுண்ட். எழுதுவது நான், மகள். என் ஃபிரெண்ட்ஸ் யாரும் ஃபேஸ்புக்கில் இல்லை. ஆன்ட்டியைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறீர்கள்.

எங்கள் ஊர் கம்யூனிட்டி ஆர்கெஸ்ட்ராவில் ஆன்ட்டி ஓபோ வாசித்தார். நாதஸ்வரத்தைச் சின்னதாக்கி, வெள்ளிப் பொத்தான்கள் வைத்தது போல இருக்கும். நான் வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரியது. வயோலா வரிசைக்கு நேர் பின்னால் ஓபோ.

அதனால் எனக்கு ஆன்ட்டி என்றால் முகம்கூட அப்புறம்தான். முதலில் முதுகுக்குப் பின்னால் கேட்கும் ஒரு மூச்சு.

ஓபோவில் வாய் வைத்து ஊதும் சீவாளியைத் தண்ணீரில் ஊற வைத்துத்தான் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் அதற்கென்று அழகான குப்பி வைத்திருப்பார்கள். ஆன்ட்டி வைத்திருந்தது காலியான பெருங்காய டப்பா. எவ்வளவு கழுவியும் வாசனை போகவில்லை. பக்கத்தில் ஃபுளூட் வாசிக்கும் அமெரிக்கப் பெண்மணி ஒருநாள் மூக்கை உறிஞ்சி, அது என்ன மணம் என்று கேட்டார்.

"டின்னர்" என்றார் ஆன்ட்டி.

இந்த ஸ்பிரிங்கில் நடந்த எங்கள் கச்சேரி உங்களுக்கு நினைவிருக்கும். சினிமா இசை, கதை சொல்லும் இசை மட்டும். அதில் தமிழ்ப் படப் பாட்டும் வேண்டும் என்று கண்டக்டரிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் ஆன்ட்டி. தமிழ்ப் பள்ளிக் குழந்தைகள் எங்களோடு மேடையில் பாடலாம் என்பதும் அவர் யோசனைதான். சர்ச், கோயில், தமிழ்ப் பள்ளி என்று எல்லா இடத்திலும் நின்று நோட்டீஸ் கொடுத்தார்.

ஆடிட்டோரியம் நிறைந்தது. இந்த ஆர்கெஸ்ட்ரா இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று கண்டக்டர் மேடைக்குப் பின்னால் வந்து சொன்னார். ஆன்ட்டி என் காதருகே குனிந்து, "எங்க ஆளுங்கன்னு சொல்லு" என்றார்.

தமிழ்ப் பாட்டு முதல் பாதியின் கடைசியில். விசில், கைதட்டல், எல்லோர் கையிலும் போன். உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருந்தீர்கள்.

இரண்டாம் பாதியில் ஒரு குறும்படம். கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. படத்தில் வசனமே கிடையாது. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆன்ட்டியின் ஓபோதான் அவள் குரல். இசை எங்கள் கண்டக்டர் எழுதியது. ஆன்ட்டிக்கு அதுதான் முதல் சோலோ. குளிர்காலம் முழுக்க வீட்டு கராஜில் உட்கார்ந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு பிராக்டிஸ் பண்ணினார்.

இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்தேன். நடு வரிசைகள் எல்லாம் காலி.

ரெஸ்ட்ரூமில் கூட்டமாக இருக்கும் என்று கண்டக்டர் காத்திருந்தார். லாபியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த வாலன்டியர் யாரும் இல்லை என்று தலையை ஆட்டினார். குழந்தைகள் பாடி முடித்தாகிவிட்டது. குழந்தைகளோடு வந்தவர்களும் போய்விட்டார்கள்.

அம்மாவும்தான். கச்சேரிக்குப் பிறகு எங்கள் வீட்டில் பார்ட்டி. பிரியாணி டிரேக்களைச் சூடு பண்ண வேண்டும் என்று முன்னாலேயே கிளம்பிவிட்டார். எனக்கு டெக்ஸ்ட் வந்திருந்தது... சூப்பரா இருந்துச்சு, நீ ஆன்ட்டி கார்ல வந்துடு.

திரும்பி ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் டப்பாவிலிருந்து சீவாளியை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என்னைய ஏன் திரும்பிப் பாக்க? முன்னால பாரு. அவ பேசப் போறா."

வாசித்தோம். திரை எங்கள் தலைக்கு மேலே இருந்ததால் படத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது. குரல் தெரியும்.

பிறகு அதே ஆன்ட்டிதான் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். வழியெல்லாம் என் எஸ்ஸே பற்றித்தான் கேட்டார். கதவைத் திறந்ததும் எல்லோரும் கலக்கிட்டீங்க ரெஜினா என்றார்கள். உங்க சோலோவை வீடியோல பாத்துக்கறோம், லிங்க் அனுப்புங்க என்று ஒரு அங்கிள் சொன்னார்.

"அனுப்புறேன். பிரியாணி மிச்சம் இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிச்சனில் நின்றபடியே சாப்பிட்டார். அவருக்குத் தயிர்ப்பச்சடி எடுத்துக் கொடுத்தது நான்தான். முகத்தைப் பார்க்க முடியாமல் கிண்ணத்தை மட்டும் நீட்டினேன்.

நேற்றிலிருந்து இங்கே நிறைய அஞ்சலிகள். அவர் இசையை நேரில் கேட்க எவ்வளவு கொடுத்து வைத்திருந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் ஷேர் பண்ணுவது தமிழ்ப் பாட்டு வீடியோ. அதில் ஆன்ட்டி தெரியவே மாட்டார். கண்டக்டரின் முதுகு மறைத்திருக்கும்.

படிக்கப் படிக்க வெட்கமாக இருக்கிறது. உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. என் வீட்டு பிரியாணியும்தான் இதில் இருக்கிறது.

ஆன்ட்டி சொன்னபடி நம் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டிருந்தார். தேடி எடுத்து, இதுவரை எழுதியதோடு சேர்த்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா சிங்க் பக்கத்தில் நின்று முழுப் படத்தையும் பார்த்தார். முடிந்த பிறகும் குழாயைத் திறக்கவில்லை. என் போனைத் திருப்பிக் கொடுத்து, "போடு. ஒரு வார்த்தைகூட மாத்தாத" என்றார்.

சனிக்கிழமை சர்ச்சில் அடக்கத் திருப்பலி. அது முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், நாங்கள் அந்தப் படத்தின் இசையை வாசிக்கிறோம். ஆன்ட்டி வாசிக்கும் இடங்களில் யாரும் எதுவும் வாசிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார்.

போய் வாருங்கள், ஆன்ட்டி. உங்கள் நாற்காலியை எனக்குப் பின்னால் போடச் சொல்லியிருக்கிறேன். டப்பாவும் அங்கேயே இருக்கும்.

நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.