ருதைனாவின் தரை

விரலை மடக்கி, கதவைத் தட்டுவதுபோல டைல்ஸைத் தட்டுகிறாள் ருதைனா. காதைச் சாய்த்துக் கேட்கிறாள். பிறகு வலது காலணியின் முனையை அதன் மேல் இழுத்துப் பார்க்கிறாள். கடைசியாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறாள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும். தோள்தான் முதலில் படும். இர்பித் நகரின் டைல்ஸ் கடைத்தெருவில் இப்போது யாரும் பதறுவதில்லை. அபு ரக்கான் தன் கடையில் அவளுக்கென்று ஒரு வாளித் தண்ணீரும் சோப்புத்தூளும் எடுத்து வைத்திருக்கிறார். நனைந்த தரையிலும் அவள் விழுந்து பார்ப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"மத்தவங்க என்ன கலர்னு கேப்பாங்க. நீ ஒருத்திதான் எவ்வளவு வலிக்கும்னு கேக்கற" என்றார் ஒருமுறை.

"கலர்ல என் தலை மோதாது, அபு ரக்கான்."

டாக்ஸி நிலையத்தில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், நடை தெரியாது. நாற்காலியை விட்டு எழுந்தால் முழங்கால்கள் ஒன்றையொன்று உரசும். வலது பாதம் தரையை விட்டு முழுதாகக் கிளம்பாமல் இழுபடும். அதனால் காலணியின் அடிப்பாகம் புதிதாக இருக்கும்போதே முனை தேய்ந்துவிடும். எதிர்வரிசைச் செருப்புக்காரர் அதில் டயர்த் துண்டு வைத்து ஒட்டிக் கொடுப்பார். நிலையத்து ஓட்டுநர்கள் அவளைச் சீண்டாமல் இருப்பதில்லை. கால்தான் கோணல், வாய் நேராக வந்து குத்துகிறது என்பார்கள். "உன் வண்டிகூடத்தான் கோணல். அதுக்கு நான் சவாரி தரலையா?" என்பாள், ஒரு காதில் போனை வைத்தபடியே.

வாஸிஃபைக் கட்டிக்கொள்வது என்று முடிவான பிறகுதான் தரை ஒரு பிரச்சினையாக வந்தது. வாஸிஃப் கடைப் பலகைகளும் கல்யாணப் பத்திரிகைகளும் கணினியில் வடிவமைப்பவன். இருவருக்கும் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். ஆனால் அது இருவரையும் ஒரே மாதிரி பிடிக்கவில்லை. அவளுக்குக் காலில் இறுக்கம். அவனுக்கு உடம்பு முழுக்க ஆட்டம். ஓடும் பஸ்ஸில் நிற்பவன்போல நின்ற இடத்திலேயே அசைவான். விழுந்தால் பின்பக்கமாக, கை ஊன்ற நேரமில்லாமல் விழுவான். பின்மண்டையில் முடி முளைக்காத தழும்பு ஒன்று உண்டு.

வழுக்கும் தரை அவனுக்கு ஆகாது. சொரசொரப்பான தரையில் நன்றாக நடப்பான். அதே தரை அவள் காலணி முனையைப் பிடித்து அவளைக் குப்புறத் தள்ளும். ஒருவரைத் தாங்கும் தரை மற்றவரைச் சாய்க்கும். இருக்கப்போவதோ ஒரே வீட்டில்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விழுந்தா யாரு தூக்கறது?" என்று கேட்டான் அவள் அண்ணன்.

"முதல்ல எழுந்தவங்க" என்றாள்.

வீடு என்னவோ தயாராகத்தான் இருந்தது. வாஸிஃபின் தாய் உம்மு வாஸிஃப் கீழ்த்தளத்தில் இருக்கிறார். மேல்தளத்தை மகனுக்கென்று கட்டி, முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் டைல்ஸ் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ரப்பர்க் கோலால் தள்ளிக் கழுவிவந்தார். அந்தத் தரையில் தாயின் கையைப் பிடிக்காமல் வாஸிஃப் ஓர் அடி வைத்ததில்லை. தரை மாறாமல் தேதி வைக்க மாட்டேன் என்றாள் ருதைனா. ரமலானுக்குள் தேதி சொல்லாவிட்டால் பேச்சை முறித்துக்கொள்ளலாம் என்று உம்மு வாஸிஃப் சொல்லி அனுப்பினார். வாஸிஃப் இரண்டு பேச்சிலும் தலையிடவில்லை. தங்கள் பத்திரிகையை வடிவமைத்து முடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.

உடற்பயிற்சிக் கூடத்தில் விரிக்கிற ரப்பர் அவள் காலைக் கவ்வியது. மரப்பலகை நனைந்தால் அவனுக்கு வழுக்கியது. தன் சித்தி சீராகக் கொண்டுவந்த கம்பளத்தை, அதன் விளிம்பு காலைத் தடுக்கும் என்று ருதைனா திருப்பி அனுப்பினாள். சித்தி இன்னும் அவளோடு பேசுவதில்லை.

ஏற்ற தரை கிடைத்தது பல் மருத்துவர் அறையில். பல் பிடுங்கிக்கொள்ளப் போன வாஸிஃப் நாற்காலியிலிருந்து எழும்போது பின்னால் விழுந்தான். தலையில் வீக்கம்கூட இல்லை. துணைக்குப் போயிருந்த ருதைனா மருத்துவரைக் கூப்பிடவில்லை. முழங்காலிட்டுத் தரையைத் தட்டிப் பார்த்தாள். காலணி முனையை இழுத்தாள், தரை அதைக் கவ்வவில்லை. பிறகு சுவரோரமாக விளிம்பைக் கிளப்பி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். மெத்தென்ற படலம் ஒட்டிய தடித்த வினைல் விரிப்பு. மருத்துவர் திரும்பி வந்தபோது, அதை எங்கே வாங்கினார் என்று கேட்டாள். நனைத்துப் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீரும் கேட்டாள்.

மேல்வீட்டில் ஓர் அறையில் மட்டும், டைல்ஸின் மேலேயே அதை ஒட்டச் சொன்னாள். வாசலில் வினைல் முடிகிற இடத்தைச் சரிவாகச் சீவ வைத்து, காலை இழுத்துப் பார்த்தாள். தட்டியது. மறுபடி சீவச் சொன்னாள். ஒட்ட வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே சீவினார்.

வெள்ளிக்கிழமை உம்மு வாஸிஃப் தண்ணீர் வாளியும் ரப்பர்க் கோலுமாக மாடியேறி வந்தார். உள்ளே, ருதைனா வாசலருகே நிற்க, வாஸிஃப் ஜன்னலுக்கும் கதவுக்குமாக, யார் கையையும் பிடிக்காமல், ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தான். அவர் பார்த்தது தரையை.

"கல்யாண வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிட்டியேம்மா. இதுல எப்படித் தண்ணி ஊத்துவ?"

"ஊத்தக் கூடாது அத்தை. அடியில இறங்கிடும். துணியால துடைக்கணும்."

"தண்ணி ஊத்திக் கழுவாத வீடும் ஒரு வீடா? வர்றவங்க என்னைத்தான் அழுக்குக்காரின்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அவங்க யாரும் இங்க விழப்போறதில்ல."

தாயின் பக்கம் திரும்பிய வாஸிஃப் தள்ளாடிப் பின்னால் சாய்ந்து விழுந்தான். உம்மு வாஸிஃப் வாளியை வாசலுக்கு வெளியே டைல்ஸில் வைத்துவிட்டுப் பாய்ந்தார். ருதைனா கையை நீட்டி மறித்தாள்.

"விடுங்க அத்தை. அவரே எழுந்துப்பாரு."

அவன் விழுந்ததில் தலையணையைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம்தான் கேட்டிருந்தது. வாஸிஃப் கூரையைப் பார்த்தபடி கிடந்து சிரித்தான். புரண்டு, முழங்காலிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து எழ அவனுக்கு நேரம் பிடித்தது. இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

அவன் எழுந்த பிறகு உம்மு வாஸிஃப் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். மகனின் தலை பட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விரலை மடக்கி அங்கே ஒருமுறை தட்டினார். வாசலைத் தாண்டிக் கையை நீட்டி, வெளியே டைல்ஸிலும் ஒருமுறை தட்டினார்.

"கூடத்துக்கும் போட இது எவ்வளவு வேணும்?" என்றார், ருதைனாவைப் பார்க்காமல்.

ருதைனா கதவு நிலையைப் பிடித்து வலது காலை நீட்டினாள். தேய்ந்த முனையால் வாளியைத் தள்ளினாள். பளபளத்த டைல்ஸின் மேல், ஒரு சொட்டும் சிந்தாமல், அது மாடிப்படி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது.