வெளியாள் சரக்கு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மூட்டையக்கா என்றே கூப்பிட்டார்கள். மருந்துக்கடைகளுக்கான பில் மென்பொருளை மூட்டை கட்டி அனுப்புவது அவள் வேலை. கடைக்காரர் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், மென்பொருளும் அது நம்பியிருக்கிற, வெளியார் எழுதிய குட்டி நிரல்களும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலாவதித் தேதி பார்க்க ஒன்று, ரசீது அச்சடிக்க ஒன்று, அந்த ஒன்றுக்கு வேண்டிய இன்னொன்று.

“என் கல்யாணம் மாதிரிதான். ஒருத்தரைத்தான் கேட்டேன். மாமியார், நாத்தனார், நாத்தனாரோட பூனை எல்லாம் கூடவே வந்துட்டாங்க. அதுல பூனைதான் கொஞ்சம் மரியாதை தெரிஞ்சது” என்பாள்.

புதிதாக வந்த மேனேஜருக்கு வெளியாள் என்றாலே ஆகாது. “நம்ம மென்பொருள்ல அடுத்தவன் சரக்கு எதுக்கு?” என்று குதித்தார். மூட்டையக்காவும் வெளியாள்தான், ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் வந்தவள். சரக்கையும் அவளையும் ஒரே மூச்சில் கிளப்பிவிடுவது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவள் கணவனுக்கு வேலை போய் வீட்டில் இருக்கிற நேரம். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனாலும் அவள் வாய் அடங்கவில்லை.

அன்று முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜரே கணினி முன் உட்கார்ந்தார். முதலில் அந்தத் தேதி பார்க்கிற நிரலை நீக்கும் பட்டனை அமுக்கினார். திரையில் கேள்வி வந்தது: ‘இதை நம்பியிருப்பவையும் சேர்ந்து போகும். சம்மதமா?’

“சார், அதைக் கொஞ்சம் படிச்சுட்டு...”

“எனக்கும் படிக்கத் தெரியும்” என்றவர், படிக்காமலே ‘சம்மதம்’ என்பதை அமுக்கினார்.

மூட்டையக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். தேதி பார்க்காமல் எந்த மருந்துக்கடை ரசீது போடும்? ரசீது போனது, இருப்புக் கணக்கு போனது, கடைசியில் மென்பொருளே போய்விட்டது. பாவம், அது சொல்லிக்கொண்டுதான் போனது, இவர்தான் காதில் வாங்கவில்லை.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. “ஏம்மா, பழையபடி போட்டுத் தொலைங்க!”

அவள் ஒரே ஒரு பட்டனை அமுக்கினாள். போனதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனியாக யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்து சேர்ந்தது.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். “சரி, இந்தப் பொண்ணையும் அனுப்பிடலாம்னு சொன்னீங்களே. இவங்க போனா கூட என்னென்ன போகும்?”

“எனக்கென்ன மேடம் தெரியும்?” என்றாள் மூட்டையக்கா, பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. “சாரையே சம்மதம்னு அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க.”

மேனேஜர் சட்டென்று இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.