ஏழு பாறுக் கழுகும் எங்க அண்ணனும்

பேய் பிடிச்சிருக்குன்னு தலைவிரி கோலமா கூட்டிட்டு வர்ற பொம்பளைங்களுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி, வேளைக்குச் சாப்பிடுன்னு சொல்லி அனுப்புறவ நான். ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில பதினெட்டு வருஷமா நர்ஸ். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவேன், ஜெபமாலை சொல்லுவேன், அதுக்கு மேல ஆவி, கருப்புன்னு யாராச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன். அதனால நான் சொல்றத நீங்க நம்பலைன்னா எனக்குக் கோவம் வராது. இதையே வேற ஆள் சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, பறவைகளைப் படம் எடுக்குறது. எங்க அருள் அண்ணன் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துல சூப்பர்வைசர். போன வருஷம் கோடையில போன் பண்ணி, "ஜெசி, பாறைச் சரிவுல மாடு ஒண்ணு செத்துக் கெடக்கு, மேல பெருசு பெருசா கழுகு சுத்துது, வாரியா?"ன்னு கேட்டுச்சு. பாறுக் கழுகா இருக்காதுண்ணேன்னு சொன்னேன். பொணத்தத் தின்னு காட்டைச் சுத்தம் பண்ற கழுகு அது, மாட்டுக்குப் போடுற வலி ஊசியால கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. எங்க பக்கம் அதப் படம் எடுத்தவங்க எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்கூட இல்ல. ஆனாலும் மனசு கேக்கல, மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிட்டேன்.

அண்ணன் ஜீப்புல கூட்டிட்டுப் போச்சு. நாங்க உக்காந்த பாறைக்குக் கீழ சரிவு, அதுக்கும் கீழ தேனிப் பக்கத்துச் சமவெளி, புகை மாதிரி தெரியும். காத்துன்னா காத்து, பக்கத்துல பேசினாலே கேக்காது. மாடு கெடந்துச்சு, கழுகு ஒண்ணையும் காணோம். அரை மணி நேரம் பொறுத்துப் பாத்துட்டு அண்ணன், "எனக்கு இடுப்பு வலிக்கு, ஜீப்புல போயி படுக்கேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ம்னு மட்டும் சொன்னேன்.

அண்ணன் போன கொஞ்ச நேரத்துலதான் கழுகுங்க வந்துச்சு. முதல்ல ரெண்டு, அப்புறம் ஒவ்வொண்ணா, மொத்தம் ஏழு. சத்தியமா பாறுக் கழுகுதான், வெறுங்கழுத்து, ஒரு ஆள் கையை விரிச்சு நின்னாலும் பத்தாத றெக்கை. கேமராவைத் தூக்கிட்டேன். ஆனா மாட்டுக்கிட்ட ஒண்ணும் இறங்கல. அதுக்கு இந்தப் பக்கம், பாறை ஓரத்துப் புதருக்குப் பின்னால இறங்கி, வட்டமா, உள்பக்கம் பாத்து உக்காந்துச்சு. பாறு இப்படி உக்காருமான்னு யோசிக்கக்கூட எனக்குத் தோணல. ரெண்டு மணி நேரம். சிரிச்சுக்கிட்டே எடுத்தேங்க, நூறு நூத்தம்பது படம் இருக்கும்.

அப்புறம் ஒரு கழுகு றெக்கையைத் தூக்குச்சு. அந்த இடைவெளியில, லென்ஸுக்குள்ள, நீலக் கட்டம் போட்ட சட்டை தெரிஞ்சுது.

எப்படி இறங்கினேன்னு தெரியாது. முட்டியெல்லாம் கிழிஞ்சுருச்சு. கிட்டப் போயும் அதுங்க பறக்கல, அவசரமே இல்லாம நடந்து ஒதுங்குச்சு, நான் உள்ள போக வழி விட்ட மாதிரி. நடுவுல அண்ணன் மல்லாக்கக் கெடக்கு. ஜீப்புக்குப் போற வழியில கால் வழுக்கி விழுந்திருக்கு. காலு முறிஞ்சு, பின்மண்டையில ரத்தம் காஞ்சு போயிருக்கு, கண்ணு மட்டும் முழிச்சிருக்கு. ஒரு கொத்து, ஒரு நகக்கீறல் மேல கிடையாது.

ரோட்டுக்கு ஓடிக் கத்தி, ஏலக்காட்டு வேலைக்குப் போன ரெண்டு பேரைக் கூட்டியாந்து தூக்கினோம். அவங்கள்ல ஒருத்தர் ஜீப்பை ஓட்டினாரு. அண்ணன் தலை என் மடியில. தலையில அடிபட்டவங்களத் தூங்க விடக்கூடாதுன்னு ஏதாச்சும் பேசிக்கிட்டே வந்தேன். அப்பத்தான் அண்ணன் கேட்டுச்சு, "ஏன் ஜெசி அவுகளை எழுப்பி விட்ட?"

"யாரண்ணே?"

"சுத்தி உக்காந்திருந்தாகள்ல, ஏழு பேரு, கம்பளி போத்திக்கிட்டு. தண்ணி கேட்டேன், தரல. ஒருத்தர் வேணுமாம் அவுகளுக்கு. நீ வாரியா, இல்ல வேற ஆள் பேரு சொல்லுதியான்னு கேட்டாக."

மண்டையில அடிபட்டா இப்படித்தான் உளறுவாங்க, எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். அதனால பேச்சுக் குடுக்கத்தான் கேட்டேன், "நீ என்ன சொன்ன?"

அண்ணன் என் முகத்தையே பாத்துச்சு. நல்லாத் தெளிவான பார்வை. அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பிச்சது, ஆசுபத்திரி வர்ற வரைக்கும் நிக்கல.

ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. காலுக்குப் பிளேட் வச்சாங்க, நாலு மாசத்துல நடந்துருச்சு. அன்னைக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லைன்னு சொல்லுது. படமெல்லாம் கார்டுல அப்படியே இருக்கு, பறவை பாக்குற கூட்டாளிங்க யாருக்கும் இதுவரைக்கும் நான் அனுப்பல. எங்க அண்ணன் உள்ள கெடக்க, நான் சிரிச்சுக்கிட்டே எடுத்த படம் அது, எப்படி அனுப்புவேன்?

இதுவரைக்கும் சொன்னதுக்கெல்லாம் நானே ஒரு காரணம் சொல்லிக்குவேன். ஒண்ணுக்கு மட்டும் முடியல. கிறிஸ்மஸ், ஈஸ்டர், இல்ல ஏதாச்சும் விசேஷம்னா மட்டும் போன் பண்ற அண்ணன், இப்ப தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிடுது. என்னைப் பத்திக் கேக்காது, எங்க வீட்டுக்காரரைப் பத்திக் கேக்காது. பதினொண்ணாவது படிக்குற எங்க ஒரே மக ஷைனியைப் பத்தித்தான். "ஷைனி வந்துட்டாளா?" வந்துட்டாண்ணேன்னா வச்சிரும். பஸ் லேட்டுன்னு சொன்னா வைக்காது, பேசவும் பேசாது, அவ படியேறி உள்ள வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் மூச்சுவிடுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும்.

அன்னைக்கு யார் பேரைச் சொன்னன்னு நான் திரும்பக் கேக்கல. கேக்குற தைரியம் எனக்கு இல்லங்க.

நேத்தும் ஆறரைக்கு அடிச்சுது. நான் அடுப்படியில இருந்தேன், ஷைனிதான் எடுத்தா. மாமா, நான்தான் பேசுறேன்னு சொன்னாளாம். என்கிட்ட வந்து போனை நீட்டி, "அம்மா, மாமா ஏன் என்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு?"ன்னு கேட்டா.