நட்சத்திரம் அழித்தவள்

மின் அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் துடைப்பம். முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள், ஆனாலும் அவள் காதுக்கு எட்டிவிட்டது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. குப்பை இருந்தால் கூட்டத்தானே வேண்டும் என்பாள்.

பழைய கணினி முறையில் கிடந்த மின் இணைப்பு விவரங்களைப் புது மென்பொருளுக்கு மாற்றுவது அவள் பொறுப்பு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, மவுஸுக்கு அங்கே வேலையே இல்லை. விவரங்கள் கிடந்தன என்பது வெறும் பேச்சுக்கில்லை. தெருப் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் 'நாய் கடிக்கும்' என்றிருக்கும். போன் நம்பர் கட்டத்தில் 'மாமாவிடம் கேட்கவும்' என்றிருக்கும். எந்த மாமா, யாருக்கு மாமா என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்து, ஒரே ஆளின் பெயரை ஐந்து விதமாக எழுதிக்கொடுத்தவர்களுக்காகத் தான் திட்டு வாங்கி, மாலை வகுப்பில் படித்து மேலே வந்தவள் அவள். அலங்கோலமான தகவலைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். வீட்டிலும் அதே கதைதான். மூடி மாறிய டப்பாக்களை அவள் படார் படாரென்று அடுக்கும்போது கணவர் எட்டி நின்றுகொள்வார். "நீ கோவப்படாத அன்னிக்குத்தான் காய்ச்சலோன்னு எனக்குப் பயமா இருக்கும்" என்பார்.

சில பெயர்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தது. யாரோ கை தவறி அடித்தது என்று நினைத்தாள். ஒரே கட்டளையில் அத்தனையையும் அழித்தாள். திரை பளிச்சென்று ஆனது.

வெள்ளிக்கிழமை காலை லைன்மேன் வந்து நின்றார். கட்டணம் கட்டாத வீடுகளின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பட்டியல் அவர் கையில் இருந்தது. புது மென்பொருளில் இருந்து முதல்முறையாக, சோதனைக்காக எடுத்தது.

"மேடம், இத யாரு போட்டது?"

"சிஸ்டம் போட்டது."

"அப்ப அந்த சிஸ்டத்தக் கூட்டிட்டு வாங்க, ஒரு வீட்டைக் காட்டறேன். உள்ள ஒருத்தரு மூச்சு மிஷின்ல படுத்திருக்காரு. நேத்து ஃபியூசுல கை வெக்கப் போயிட்டேன். அந்தம்மா ஓடிவந்து கையப் புடிச்சாங்க. பேருக்கு முன்னாடி ஸ்டார் இருந்தா நாங்க தொட மாட்டோம். இதுல ஒரு ஸ்டார்கூட இல்லியே."

அவள் பட்டியலை வாங்கிப் புரட்டினாள். திங்கள்கிழமை முதல் லைன்மேன் போகப்போவதே இல்லை. புது மீட்டர்களை மென்பொருளே இங்கிருந்து அணைத்துவிடும். ஓடிவந்து பிடிக்க அங்கே ஒரு கை இருக்காது.

விடுவிடுவென்று முதல் கவுண்டருக்குப் போனாள். அங்கே இருந்த அக்கா பழைய முறையோடு வாழ்ந்து பழகியவள்.

"ஸ்டாருக்கு அர்த்தம் உண்டுன்னு ஏன்க்கா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வந்த அன்னிக்கே 'இந்தக் குப்பையெல்லாம் யாரு போட்டது'ன்னு கத்துன. நான்தான்னு கை தூக்கணுமா?"

"அதுக்குன்னு தனியா ஒரு கட்டம் கேட்டு வாங்கியிருக்கலாம்ல?"

"கேட்டேன், வந்த மேனேஜர் ஒவ்வொருத்தர்கிட்டயும். அடுத்த தடவ பாக்கலாம்னாங்க. அந்த அடுத்த தடவதான் நீ."

பழைய முறையின் நகல் பத்திரமாக இருக்கிறது, குறிகளைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று அவள் மூச்சு விட்டபோது இரண்டாம் கவுண்டர்காரர் தொண்டையைச் செருமினார்.

"என் ஸ்டார் வேறம்மா."

"வேறன்னா?"

"பெரிய இடம். தொட்டா நமக்கு டிரான்ஸ்பர். அக்கா ஸ்டார் போட்ட வீட்ட யாரும் கட் பண்றதில்ல. நல்லாருக்கேன்னு நானும் போட ஆரம்பிச்சேன்."

"நோயாளிக்கும் பணக்காரனுக்கும் ஒரே குறியா?"

"ரெண்டு பேரையும் தொடக்கூடாதுல்ல" என்றார் அவர், நியாயம் பேசுகிறவர் போல.

எந்த நட்சத்திரத்தை யார் போட்டது என்று பழைய முறையில் தெரிந்துகொள்ள வழியில்லை. அவளுக்கு அவர்மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பித் தன்மேலேயே விழுந்தது. மீதியைச் சுமந்துகொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"ஸ்டார் இருந்த வீடுகளை கட் பண்ற லிஸ்ட்ல இருந்து எடுத்து வைக்கணும் சார். ஒவ்வொரு வீடா கேட்டுட்டுத்தான் சேக்கணும்."

"ஒரு வீடும் தப்பக்கூடாதுன்னுதான்மா இந்த சாஃப்ட்வேரையே வாங்கினோம். பெரிய இடத்தையெல்லாம் விட்டுட்டுத் தொடங்கினா நம்மள நாறடிச்சுடுவாங்க. நீ தொடங்கு. யாராவது புகார் கொடுத்தா பாத்துக்கலாம்."

"மூச்சு நின்னவன் எப்படி சார் புகார் கொடுப்பான்?"

மேனேஜர் பேனா மூடியைத் திறந்து மூடினார். அவள் மடிக்கணினியைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். திரையில் திங்கள்கிழமைத் துண்டிப்புக்கு 'ஒப்புதல்' என்ற பொத்தான் இருந்தது.

"இத நான் அழுத்த மாட்டேன். நீங்க அழுத்துங்க. யாரு அழுத்தினாங்கன்னு புது சிஸ்டத்துல தெளிவா பதிவாகும்."

அவர் கை மேசைக்குக் கீழே போய்விட்டது. "சரி, கேட்டு முடி. அதுவரைக்கும் அந்த வீடுங்க நிக்கட்டும்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

புது மென்பொருளில் 'மூச்சுக் கருவி உண்டா' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். அவள், அக்கா, இரண்டாம் கவுண்டர்காரர் மூன்று பேரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். பெரிய இடங்களை இரண்டாம் கவுண்டர்காரர் தலையிலேயே கட்டினாள். "ஐயா, வீட்ல யாருக்காவது மூச்சுத் திணறலுங்களா? இல்லீங்களா? சந்தோசமுங்க" என்று அவர் வியர்த்துக்கொண்டிருந்தார்.

லைன்மேன் சொன்ன வீட்டுக்கு அவளே போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண். பின்னால் ஏதோ சீராக இழுத்து விடும் சத்தம்.

"நேத்து ஃபியூசைப் புடுங்க வந்தீங்க. இன்னிக்கு நலம் விசாரிக்கிறீங்களா?"

"தப்பு என்னுதுங்க. உங்க பேருக்கு முன்னாடி இருந்த குறிய அழிச்சது நான்தான்."

"என்ன குறி?"

அந்த வீட்டுக்கே தெரியாது. இத்தனை காலம் ஓர் உயிர் எதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"வீட்ல மிஷின் ஓடுதுங்களா?"

"காதுல விழல?"

"விழுதுங்க. ஆனா நீங்க சொல்லித்தான் நான் பதியணும்."

"ஓடுது. ராத்திரி பகலா ஓடுது. பதிஞ்சுக்கோ. இந்தத் தடவ அழிக்காமப் பதி."

"சரிங்க" என்றாள். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். அவள் 'உண்டு' என்று பதிந்தாள். ஒரு முறை சரிபார்த்தாள். பிறகு அடுத்த எண்ணுக்குப் போனாள்.