வாப்பாவும் சத்தமில்லாத காரும்

மருதமுனையில் எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் வாப்பாவின் வேன் சத்தம் தெரியும். பழைய டீசல் வேன். பள்ளிவாசல் மூலையில் கிறுகித் திரும்பும்போதே தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டதும் உம்மா தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு கேட்டைத் திறக்கப் போவா.

வாப்பாவின் பெயர் காலிதீன். கல்யாணம் முடித்து உம்மாவின் வீட்டுக்கு வந்த காலத்திலிருந்தே வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுகிறவர். யுத்த நாட்களில் ஆமிக்காரர் சென்றியில் மறித்து வைத்துவிட்டால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அப்போதே உம்மா ரோட்டுக்குக் காது கொடுத்துப் பழகிவிட்டா.

சுனாமி அன்று காலையில் வாப்பா அம்பாறைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கடல் வந்தபோது உம்மா என்னை இழுத்துக்கொண்டு வயல் பக்கம் ஓடினா. சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். வாப்பா திரும்பி வரும் வழியில் அகப்பட்டாரோ என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் பின்னேரம் லொறிகளும் உழவு மெசின்களும் இரைந்துகொண்டு போன ரோட்டைப் பார்த்து உம்மா எழும்பினா.

"புள்ள, ஒங்கட வாப்பா வாறார்."

மூளை குழம்பிவிட்டதென்று பக்கத்துப் பெண்கள் அவவைப் பிடித்து இருத்தப் பார்த்தார்கள். பிறகுதான் வேன் வந்து நின்றது.

யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, ஊருக்குள் பெற்றரியிலும் பெற்றோலிலும் ஓடுகிற ஹைபிரிட் கார்கள் வரத் தொடங்கின. உம்மாவின் தம்பி பஸால் மாமா கட்டாரிலிருந்து வந்து ஒன்றை எடுத்தார். வேன் அடிக்கடி நடுவழியில் நின்று வாப்பாவின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காரை மச்சானே ஹயருக்கு ஓட்டட்டும் என்று மாமா கேட்டார். வாப்பா பிடி கொடுக்கவில்லை. பெற்றரி செத்தால் கல்முனையில் யார் திறந்து பார்ப்பான், வெள்ளத்துக்குள் இறங்கினால் கரண்ட் அடிக்காதா, பெற்றோலில் ஓடுவதென்றால் பெற்றோலில் ஓடவேண்டியதுதானே என்றார். ஹயர் ஸ்டாண்டில் அவருடைய கூட்டாளி, பாண்டிருப்பு புண்ணியமூர்த்தி, இன்னும் ஏற்றிவிட்டார்.

"சத்தமில்லாத வாகனம் கள்ளனுக்குத்தான் தோது, காலிதீன். நீ எந்த வீட்ட உடைக்கப் போறாய்?"

ஒலுவில் கெம்பசில் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான், இன்டர்நெட்டில் வாசித்து வாசித்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். வாப்பா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்றார். முன்னால் ஒரு லைட் எரியும் என்றேன்.

"லைட்டு உள்ள இரிக்கிறவனுக்கு, மகள். வீட்ட இரிக்கிறவளுக்கு?"

நான் வாசித்த எதிலும் இந்தக் கேள்வி இருக்கவில்லை. இது காரைப் பற்றிய கேள்விதானா என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் வேன் காரைதீவுச் சந்தியில் நின்றே போனது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் வாப்பா மாமாவின் காரை எடுத்தார்.

முதல் நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் திரும்பி வந்தார். வீட்டு வாசலில் கார் நின்றது. சத்தம் எதுவும் இல்லை. வேனில் சத்தம் நின்றால் எஞ்சின் நின்றதாக அர்த்தம். அந்தப் பழக்கத்தில் பொத்தானை அமத்தாமல், சாவியையும் உள்ளேயே விட்டுவிட்டு, அப்படியே பள்ளிக்கு நடந்துவிட்டார். அவர் வந்ததே உம்மாவுக்குத் தெரியாது. உள்ளே ஏசி ஓடி ஓடி பெற்றரி இறங்க, கார் தானாகவே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டது.

சத்தம் கேட்டு உம்மா வாசலுக்கு ஓடினா. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் வாப்பாவின் துவாய் கிடந்தது, ஆளில்லை. கடல் வந்துபோன பிறகு ரோட்டோரம் எத்தனை வாகனங்கள் ஆளில்லாமல் கிடந்தன. உம்மா கேட் தூணைப் பிடித்தபடி மணலில் இருந்துவிட்டா. பள்ளிக்குத்தான் போயிருப்பார் என்று நான் சொன்னது அவவின் காதில் ஏறவில்லை.

தொப்பியோடு வந்த வாப்பா அவவைக் கண்டதும் பக்கத்தில் மணலிலேயே இருந்தார். வாசலில் புருசனும் பெண்சாதியும் அப்படி இருப்பதை எங்கள் ஒழுங்கை கண்டதில்லை.

"வந்தா வந்திட்டனெண்டு சொல்லுங்களன்" என்றா உம்மா.

காரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார் வாப்பா.

"என்னத்துக்குக் குடுக்கிற? இதிலெண்டா நடுவழியில நிண்டு காயாம வாறீங்கதானே."

ஹோர்ன் அடித்தால் முடிந்தது என்றார் மாமா. பள்ளி மூலையில் ஹோர்ன் அடிக்க வாப்பாவுக்கு மனம் வரவில்லை. அந்த மூலையில் கிறுகியதும் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கண்ணில் படுகிற எல்லோருக்கும் உரத்து ஸலாம் சொல்லிக்கொண்டு வரத் தொடங்கினார். சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விட முடியுமா? கடைக்காரர் சொல்வார், தறியில் இருக்கிறவர் எழும்பாமலே சொல்வார், மதிலுக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு றாபியா மாமி சொல்வா. பதில் ஸலாம் காருக்கு முன்னால் வீடு வீடாக எங்களை நோக்கி வரும்.

பெற்றரியில் வாப்பாவுக்கு இன்னும் நம்பிக்கையில்லை. உம்மாவுக்கு அந்தக் கதை தேவையுமில்லை. றாபியா மாமியின் குரல் கேட்டதும் அடுப்பை மூட்டிவிட்டு கேட்டுக்குப் போவா.